கிழிந்த நோட்டை மாற்றித்தர வேண்டியது வங்கியின் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையாகட்டும், போச்சம்பள்ளி ஞாயிறு சந்தையாகட்டும், பொழுது சாய்வதற்குள் கிழிந்த நோட்டுக்காக ஒரு சண்டையாவது நடந்துவிடும். "அண்ணா, இது செல்லாது, வேற குடுங்க" என்பார் கடைக்காரர். "நான் என்ன வீட்லயா அச்சடிச்சேன்? உங்கள மாதிரி ஒரு கடையிலதான் சில்லறையா குடுத்தாங்க" என்பார் பொருள் வாங்க வந்தவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சண்டை தீர வேண்டிய இடம் கல்லாப்பெட்டி இல்லை, வங்கிக் கவுன்ட்டர். அங்கே கதவு சரியாகத் திறக்காததால்தான் தெருவில் இந்தக் கூச்சல்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அழுக்கான நோட்டு வேறு, கிழிந்து ஒரு பகுதி போன நோட்டு வேறு. புழங்கிப் புழங்கி நைந்துபோனது, எண்ணெய்க் கறை படிந்தது, மஞ்சள் குங்குமம் ஒட்டியது, பேனாவால் யாரோ கணக்குப் போட்டது, இவை எல்லாம் அழுக்கு நோட்டுகள்தான். இரண்டாகக் கிழிந்து, இரண்டு துண்டும் அதே நோட்டுடையதாக இருந்து, எந்தப் பகுதியும் குறையாமல் ஒட்டப்பட்டிருந்தால் அதையும் ரிசர்வ் வங்கி இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஒகேனக்கலில் எண்ணெய் மசாஜ் செய்பவர் கையிலும், பரிசல் ஓட்டுபவர் மடியிலும், மீன் வறுத்து விற்கும் அக்காவின் டப்பாவிலும் இருக்கும் நோட்டு பளபளவென்று இருக்காது. எண்ணெய் ஏறி அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி ஆகிவிட்டாலும் அது முழு மதிப்புள்ள பணம். அதைச் செல்லாது என்று திருப்பித் தருவது தவறு.

துண்டு போன நோட்டின் கதை வேறு. ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 26, நோட்டுகள் நாடு முழுவதும் செல்லுபடியாகும் என்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 28, சிதைந்த நோட்டுக்குப் பணம் கேட்பது யாருக்கும் உரிமை ஆகாது, விதிகளுக்கு உட்பட்டுச் சலுகையாகத் தரலாம் என்கிறது. அந்த விதிகள்தான் 2009-ல் வந்து 2018-ல் திருத்தப்பட்ட நோட்டு மாற்று விதிகள். அதனால் மூலை போன 500 ரூபாயை வாங்க மறுக்கும் கடைக்காரரைக் குற்றவாளி போலப் பேசுவது சரியல்ல. அவர் வாங்கி வைத்தால் மறுநாள் கம்பெனி கலெக்‌ஷன் ஆள் அதை வாங்கமாட்டார். பிஸ்கட் பெட்டி ஒன்றில் அவருக்கு நிற்கும் லாபத்தைவிட அந்த ஒரு நோட்டு பெரிது. போதாக்குறைக்கு, பாதுகாப்பு இழை ஓடும் இடத்தில் அகலமாக டேப் ஒட்டி கள்ள நோட்டைத் தள்ளிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பயம் நியாயமானதுதான்.

ஆனால் மறுப்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. பொருளைக் கட்டிக் கொடுப்பதற்கு முன் "இந்த நோட்டு வேண்டாம்" என்றால் விற்பனை நடக்கவில்லை, அவ்வளவுதான். பெட்ரோல் டேங்கில் இறங்கிய பிறகு, சாப்பிட்டு இலையை எடுத்த பிறகு நிலைமை மாறிவிடுகிறது. அப்போது வாடிக்கையாளர் கடன்பட்டவர். அவர் நீட்டும் நல்ல நோட்டை, அழுக்காக இருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ள முடியாது. எனவே பங்க், ஓட்டல், பேருந்து போன்ற இடங்களில் நோட்டை முதலிலேயே பார்த்துவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. நோட்டை வாங்க மறுத்தால் தேசத்துரோக வழக்கு பாயும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி யாரும் கடைக்காரரை மிரட்ட வேண்டாம்.

இனி கணக்குக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

1 ரூபாய் முதல் 20 ரூபாய் வரையுள்ள நோட்டில், கையில் இருக்கும் மிகப்பெரிய ஒற்றைத் துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம். பாதியோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்றும் கிடையாது. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் மூன்று படிகள். மிகப்பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் என்றால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை என்றால் பாதி மதிப்பு, 40-க்குக் கீழே என்றால் எதுவும் இல்லை. 2018 திருத்தத்துக்கு முன் 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே முழுப்பணம் கிடைத்தது. பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் வாதாடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சதவீதத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம், ஒரு அடி ஸ்கேல் போதும். புதிய 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். ஓரத்தில் நேராக ஒரு பட்டை கிழிந்து போயிருந்தால், போன பட்டை 3 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்வரை முழு 500. மூன்றைத் தொட்டுவிட்டால் 250. மிச்சம் இருப்பது 6 சென்டிமீட்டருக்கும் கீழே போனால் வெறும் காகிதம். 200 ரூபாய் நோட்டின் நீளம் 146, ஊதா நிற 100 ரூபாய் நோட்டின் நீளம் 142. இவற்றில் அந்த எல்லை முறையே 29, 28 மில்லிமீட்டர். பழைய பெரிய 100 ரூபாய் நோட்டு 157 நீளம், அதில் 31 மில்லிமீட்டர். கோணல்மாணலாகக் கிழிந்திருந்தால் அதே மதிப்புள்ள நல்ல நோட்டு ஒன்றைச் செய்தித்தாள் மீது வைத்துக் கோடு இழுத்து, அதைச் சமமான நூறு கட்டங்களாகப் பிரித்து, கிழிந்த நோட்டை மேலே வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

கடைகளில் அதிகம் சண்டை நடப்பது மூலை போன நோட்டுக்கு. அந்த மூலை எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பக்கமும் 3 சென்டிமீட்டர் உள்ள முக்கோணம் என்றால் நாலரை சதுர சென்டிமீட்டர். 500 ரூபாய் நோட்டின் மொத்தப் பரப்பு 99. போனது ஐந்து சதவீதம்கூட இல்லை. வங்கியில் அதற்கு 500 ரூபாய் முழுசாகக் கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட நோட்டைத்தான் பேருந்து நிலையங்களின் ஓரத்தில் கமிஷனுக்கு மாற்றித் தருபவரிடம் நம் மக்கள் குறைத்து விற்றுவிட்டுப் போகிறார்கள். இது மனதைக் குடைகிறது. வங்கியில் இலவசமாக நடக்கும் வேலைக்கு, அன்றாடங்காய்ச்சிகள் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கழித்துக்கொடுக்கிறார்கள்.

நம் பக்கம் நடக்கும் பெரிய நட்டம் இன்னொன்று. நோட்டை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைக்கும் பழக்கம். மடிப்பு இரண்டும் குறுக்கே வெட்டும் நட்டநடுவில் முதலில் ஒரு பொத்தல் விழும், பிறகு அங்கிருந்து நாலு பக்கமும் விரிசல் ஓடும். இரண்டு துண்டானால் பயமில்லை. நான்கு சமத் துண்டானால் மிகப்பெரிய துண்டே 25 சதவீதம்தான். நான்கையும் கையில் வைத்து அழகாக ஒட்டிக் கொண்டுபோனாலும் விதிப்படி கிடைப்பது பூஜ்யம், ஏனென்றால் அளப்பது ஒட்டாத ஒற்றைத் துண்டைத்தான். நடுவில் பொத்தல் தெரிந்த அன்றே வங்கிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நடுவே ஒரு பட்டை தொலைந்து இரண்டு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தால், 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒவ்வொன்றும் 40 சதவீதமாவது இருந்து இரண்டும் ஒரே நோட்டுடையது என்றால் முழுத் தொகை உண்டு. அதனால் சின்னத் துண்டு என்று எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

ஒட்டுவதென்றால் பழுப்பு நிற பேக்கிங் டேப் கூடவே கூடாது. அது இழையையும் நீர்க்குறியையும் மறைத்துவிடும், நோட்டு எண்ணும் இயந்திரமும் தள்ளிவிடும். பின்பக்கம் மெல்லிய காகிதத்தை லேசாகப் பசையிட்டு வைத்தால் போதும். இரண்டு வெவ்வேறு நோட்டின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியதை வங்கியில் எண்ணைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மேலே இடது பக்கமும் கீழே வலது பக்கமும் உள்ள எண் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்கும் பழக்கம் கடைக்காரர்களுக்கு வேண்டும். அதோடு "பே", "பெய்டு", "ரிஜெக்ட்" என்று ஆங்கிலத்தில் வங்கி முத்திரை விழுந்த நோட்டா என்றும் பாருங்கள். அது ஏற்கெனவே தீர்ப்பான நோட்டு, யார் கொண்டுபோனாலும் பணம் வராது.

நோட்டில் எழுதியிருந்தால் செல்லாது என்ற வதந்தியும் ஓயவில்லை. பேனாக் கிறுக்கலால் நோட்டு செல்லாமல் போகாது. ஆனால் அரசியல் கோஷமோ, அரசியல் அல்லது மதச் செய்தியோ எழுதப்பட்ட நோட்டு செல்லாது. எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி உள்ள நோட்டை கள்ள நோட்டு என்று தள்ளுகிறவர்களும் உண்டு. அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாக வைக்கப்படும் நோட்டு அது, நல்ல பணம்தான் என்று 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே விளக்கம் சொல்லிவிட்டது.

இப்போது வங்கிகள் பக்கம் வருவோம். கணக்கு இருக்கிறதோ இல்லையோ, வந்தவருக்கு அழுக்கு நோட்டையும் சிதைந்த நோட்டையும் எல்லா வேலை நாளிலும் மாற்றித்தர வேண்டும் என்பது பொதுத்துறை வங்கிக்கும் தனியார் வங்கிக்கும் ரிசர்வ் வங்கி இட்ட கட்டளை. ஒரு நாளில் 20 நோட்டு வரை, 5,000 ரூபாய் மதிப்பு வரை அழுக்கு நோட்டைக் கட்டணமில்லாமல் கவுன்ட்டரிலேயே மாற்றித்தர வேண்டும். அதற்கு மேல் என்றால் ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டு கணக்கில் வரவு வைப்பார்கள், கட்டணமும் கேட்கலாம். சிதைந்த நோட்டு ஐந்து வரை என்றால் சாதாரணக் கிளையிலேயே முடிவு செய்ய வேண்டும். முடியாவிட்டால் ரசீது கொடுத்து, கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கியின் பணம் இருப்பு வைக்கப்படும் பெட்டகம்) உள்ள கிளைக்கு அனுப்பி, 30 நாளுக்குள் பணம் தர வேண்டும்.

நடைமுறையில் காதில் விழுவது வேறு. "உங்களுக்கு இங்க கணக்கு இருக்கா?", "கேஷியர் லீவு, திங்கக்கிழமை வாங்க", "இதெல்லாம் சென்னைக்குத்தான் போகணும்". இப்படி ஏதாவது சொன்னால் சத்தம் போடத் தேவையில்லை. மேலாளரைப் பார்த்து, "நோட்டை வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியிட்ட நகல் ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் இணையம் வழியாகவே முறையிடலாம். 14448 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். ஏ.டி.எம்.மில் கிழிந்த நோட்டு வந்தால் துண்டுச் சீட்டுடன், இடமும் நேரமும் குறித்து, அந்த இயந்திரம் எந்த வங்கியுடையதோ அங்கே கொடுக்க வேண்டும்.

குடிசைத் தீயில் கருகியது, நனைந்து கட்டியாக ஒட்டிப்போனது ஆகியவற்றைக் கிளையில் மாற்ற முடியாது. அதற்கு ரிசர்வ் வங்கி அலுவலகம்தான். சென்னை ராஜாஜி சாலையில் ஒன்று இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு நிருபதுங்கா சாலை அலுவலகம் பக்கம். கருகிய கட்டைப் பிரிக்கவோ, தட்டிச் சாம்பலை உதிர்க்கவோ கூடாது. பஞ்சு விரித்த டப்பாவில் அப்படியே வைத்து எடுத்துப்போக வேண்டும். கரையான் அரித்த நோட்டுக்குக் கிளையிலேயே மேலே சொன்ன பரப்புக் கணக்குதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக மூன்று கோரிக்கைகள். "அழுக்கடைந்த, கிழிந்த நோட்டுகள் இங்கு மாற்றித் தரப்படும்" என்ற பலகையை ஒவ்வொரு கிளையும் வாசலில் தமிழில் வைக்க வேண்டும், இப்படிப் பலகை வைப்பது ரிசர்வ் வங்கி ஏற்கெனவே சொன்னதுதான். கரன்சி செஸ்ட் உள்ள கிளைகளின் பெயர்ப் பட்டியலை எல்லா ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். பாலக்கோடு, இராயக்கோட்டை தக்காளி மண்டிகளில் வரத்து அதிகமுள்ள மாதங்களிலும், காரிமங்கலம், போச்சம்பள்ளி சந்தை நாள்களிலும் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை நோட்டு மாற்று முகாம் நடத்த வேண்டும். ஒரு மேசை, ஓர் அதிகாரி, ஓர் எண்ணும் இயந்திரம் இருந்தால் போதும்.

வணிகர் சங்கங்களும் ஒன்று செய்யலாம். சின்னக் கடைகளில் சேரும் இத்தகைய நோட்டை வாரம் ஒரு உறையில் போட்டு, சங்கத்தின் ஆள் ஒருவர் வங்கியில் மாற்றி வந்து அவரவருக்குக் கொடுத்தால், மூலை போன பத்து ரூபாய்க்காகக் கிழவி ஒருத்தியைத் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் எந்தக் கடைக்காரருக்கும் வராது.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.