பினாங்கில் கோட்டைக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள்

சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களுக்குக் கப்பல் சுற்றுலா ஏற்பாடு செய்யும் அமைப்புகளுக்கும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மெரினா பே கப்பல் முனையத்தில் நம் ஆட்களின் கூட்டம்தான். தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை பத்திரமாக அழைத்துப் போகிறீர்கள், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதைக்கூட முன்பே விசாரித்து வைக்கிறீர்கள். அந்த அக்கறையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் இறங்கினால் தண்ணீர்மலை முருகன் கோயில், கொடிமலை, லிட்டில் இந்தியாவில் சாப்பாடு, கொஞ்சம் கடைத்தெரு, அப்புறம் கப்பல். சென்ற முறை நாங்கள் போனபோது கார்ன்வாலிஸ் கோட்டை வாசலில் படம் எடுக்க மட்டும் பேருந்தை நிறுத்தினார்கள். உள்ளே போகலாமா என்று என் அம்மா கேட்டதற்கு, "வெறும் பழைய சுவர்தாம்மா, பார்க்க ஒன்றுமில்லை" என்றார் உடன் வந்தவர். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

அந்தச் சுவரை எழுப்பியவர்கள் யார்? 1786இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது போட்டது நிபோங் பனைமரங்களால் ஆன வேலிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செங்கல்லும் கல்லுமாக மாற்றிக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் பெயர் கோட்டைக்கு நிலைத்தது. வெயிலில் நின்று செங்கல் அடுக்கியவர்களைப் பற்றி நம் பிள்ளைகளிடம் யார் பேசுவது?

இது பினாங்கோடு முடிகிற கதையும் அல்ல. 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. தீபாவளிக்குத் திறந்துவிடும்போது குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அதிபர் மாளிகையான அந்த இஸ்தானாவும் அப்படித்தான். இதையெல்லாம் பாடமாகச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கோட்டைச் சுவரில் கை வைத்துக்கொண்டு கேட்டால் கேட்பார்கள்.

பார்க்க ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. நட்சத்திர வடிவில் எழுப்பிய அரண், வளைவுக் கூரை போட்ட வெடிமருந்துக் கிடங்கு, கடலைப் பார்த்தபடி பீரங்கிகள். அவற்றில் ஸ்ரீ ரம்பாய் என்ற வெண்கலப் பீரங்கி 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறிக் கடைசியில் ஆங்கிலேயரிடம் வந்தது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இத்தனைக்கும் அந்தக் கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். வெயில் ஏறுவதற்கு முன் முதலில் அங்கே போங்கள். தமிழில் கதை சொல்லத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். பினாங்கில் தமிழ் பேசுபவர்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டையிலிருந்து குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் பக்கம்தான், சாப்பாடும் அங்கேயே ஆகிவிடும். தண்ணீர்மலைக்கு அதற்குப் பிறகு பேருந்து பிடிக்கலாம். நேரம் போதாவிட்டால் கடைத்தெருவைக் குறையுங்கள், கோட்டையைக் குறைக்காதீர்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் ஒரு வேன் போதும்.

டிசம்பர் விடுமுறைப் பயணத்துக்கான நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைச் சேர்த்துவிடுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் நாங்கள் தரத் தயார்.

அன்புடன்,
உங்களோடு பயணம் செய்யும் ஒரு குடும்பத்தலைவி