செக் வழக்கு: கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூர் பனியனும் ஈரோட்டு ஜவுளியும் கரூர் கொசுவலையும் பெரும்பாலும் பின்தேதி செக்கை நம்பித்தான் கைமாறுகின்றன. அந்தச் செக் பணமில்லாமல் திரும்பினால் போடும் வழக்கை இப்போது இணையத்தில் தாக்கல் செய்கிறோம். கோர்ட் படி ஏறும் அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் சட்டத்தின் கெடு ஒரு நாளும் கூடவில்லை. இது தெரியாமல் நியாயமான பாக்கியை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

செக் திரும்பியதைச் சொல்லும் வங்கியின் சீட்டு (ரிட்டர்ன் மெமோ) வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த நோட்டீஸ் ஜூன் 1ல் எதிரிக்கு, அதாவது செக் கொடுத்தவருக்குச் சேர்ந்தால், பணம் கட்ட அவருக்குள்ள 15 நாள் ஜூன் 16ல் முடியும். அதற்கு முன்பே கோர்ட்டில் புகார் போட்டால் செல்லாது. ஜூலை 17ஐத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த தேதிக்கு ஆதாரமாகத் தபால் டிராக்கிங் பக்கத்தை அன்றே பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

எந்தக் கோர்ட் என்பதிலும் தடுமாறுகிறார்கள். உங்கள் கணக்கு பல்லடம் கிளையில் இருக்க, செக்கைத் திருப்பூர் கிளையில் போட்டிருந்தாலும், வழக்குக்கு உரிய இடம் பல்லடம்தான். திரையில் கோர்ட்டைத் தேர்வு செய்யும்போது இதைப் பார்க்க வேண்டும். செக் கொடுத்தது கூட்டு நிறுவனம் என்றால் நிறுவனத்தை முதல் எதிரியாகவும், பொறுப்பான பங்குதாரர்களைக் கூடுதல் எதிரிகளாகவும் ஒவ்வொருவராகச் சேர்ப்பது நல்லது. நிறுவனத்தை விட்டுவிட்டுப் பங்குதாரரை மட்டும் சேர்த்தால் வழக்கு நிற்காது என்ற நிலை 2025ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மாறிவிட்டது.

ஆவணங்களை ஏ4 அளவில், நேராக, 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். செல்போனில் எடுத்த படத்தில் மெமோவின் முத்திரை பாதி நிழலில் போய்விடும். பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த புகார், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் பிடிஎஃப்பில் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. யூனிகோடில் அடிப்பதே நல்லது.

வாட்ஸ்அப் ஆர்டரைச் சாட்சியமாக வைப்பவர்களுக்கு இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துக்குத் தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணை (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறிப்பிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை வக்கீல் ஆபீசுக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினால் படம் சுருங்கும், ஹாஷ் மாறிவிடும். பென்டிரைவில் கொடுங்கள். சான்றிதழின் முதல் பகுதியை நீங்கள் தர வேண்டும். இரண்டாம் பகுதி நிபுணருடையது, அதை வாங்கவும் நாள் பிடிக்கும்.

இணையத் தாக்கலில் ஆதார் ஓடிபி மூலம் மின்கையெழுத்திடுபவர்கள், இப்போது கையில் இருக்கும் செல் நம்பர்தான் ஆதாரில் உள்ளதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துக்கொள்ளட்டும்.

நீதித்துறைக்கு ஒரு வேண்டுகோள். தாக்கல் செய்த வழக்கைக் கோர்ட் அலுவலகம் பரிசீலிக்கும்போது காணும் குறைகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில், தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். இன்று ஒன்று, திருத்தி அனுப்பினால் நாளை ஒன்று என்று வந்தால் வெளியூரில் இருந்து தாக்கல் செய்பவர் என்ன செய்வார்? தாலுகா கோர்ட் இ-சேவை மையங்களில் தமிழ் யூனிகோடும் ஸ்கேனிங்கும் நன்றாகத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

- வழக்கறிஞர் எழுத்தர், பெருந்துறை