டுகால் எழுதிய கடைசிக் கடிதம்

ரங்கூன்

அன்புள்ள நடராஜா,

நலம்தானே? பினாங்கில் வேலை எப்படிப் போகிறது? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது துணையில்லாமலே காளி கோவிலுக்குப் போய் வருகிறார். உன்னைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

போன மாதம் மகன் கம்ப்யூட்டரில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். நம் பழைய போர் விளையாட்டு ஸ்டார்கிராஃப்ட், கூடவே ப்ரூட் வார்! 1998இல் வந்ததை 2017இல் பிளிஸார்டு கம்பெனி இலவசமாக்கிவிட்டதாம். கேம் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தோமே, அந்த நாற்காலிச் சூடுகூட நினைவுக்கு வந்தது.

ப்ரூட் வார் பழைய ஆட்டத்துக்கு ஒரு சின்ன விரிவாக்கம்தான். மனிதர்கள், ஜெர்கு ஜந்துக்கள், புரோட்டாஸ் வேற்றுக்கிரகத்தார் என்ற மூன்று தரப்புக்கும் சேர்த்துப் புதிதாக ஏழே படைகள். ஆனால் ஆட்டமே மாறிப்போனது. காயத்தை ஆற்றும் மெடிக் வந்தபிறகு மரீன் சிப்பாய்கள் பொசுக்கென்று சாவது நின்றது. நீ மண்ணுக்குள் புதைத்து வைக்கும் ஜெர்கு ஜந்து லர்க்கர் இருக்கிறதே, கண்டுபிடிக்கும் கருவி இல்லாமல் அதன் மேல் நடந்து என் படை எத்தனை முறை அழிந்திருக்கும்! புரோட்டாஸின் டார்க் ஆர்கானை வைத்து எதிரியின் ஒரு வேலையாளை வசப்படுத்தி, அவன் இனத்தின் கட்டடங்களையும் நாமே கட்டலாம் என்று கண்டுபிடித்த அன்று நீ போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. கரெண்ட் போனால் எல்லாம் போச்சு. அந்தப் பயத்தில்தான் கதைப் பகுதியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்யப் பழகினோம்.

கதையை அப்போது நாம் கவனிக்கவே இல்லை. இங்கிலீஷ் வேகமாகப் போகும், தட்டிவிடுவோம். இந்த முறை மகனோடு உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். பூமியிலிருந்து வரும் படைக்குத் தலைவன் டுகால். அவனுடைய நெடுநாள் நண்பன் ஸ்டுகோவ் துணைத் தலைவன். நடுவில் டூரான் என்று ஒருவன் வந்து சேர்கிறான். ஜெர்குகளுக்குள் இருக்கும் தொடர்பைக் குலைக்கும் சை டிஸ்ரப்டர் கருவியை அழித்துவிடு என்று அவன் சொல்ல, டுகால் சரி என்கிறான். ஸ்டுகோவ் அதை அழிக்காமல் ரகசியமாகப் பிரித்துக் கொண்டுபோய் வேறு கிரகத்தில் திரும்பக் கட்டுகிறான். அதைத் துரோகம் என்று நினைத்து, டூரானையே அனுப்பிவிடுகிறான் டுகால். ஸ்டுகோவைச் சுட்டுக் கொன்றவன் டூரான்தான். உயிர் போகும்போது, துரோகி அவன்தான் என்று ஸ்டுகோவ் சொல்கிறான். பிறகு ஜெர்குகளின் தலைமை மூளையான ஓவர்மைண்டை அடக்க அதே கருவிதான் உதவியது. கடைசியில் ஜெர்குகளின் ராணி கெரிகனிடம் எல்லாம் தோற்று, மனைவி ஹெலனாவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுத் தன்னையே சுட்டுக்கொள்கிறான் டுகால். நண்பனைக் கொன்றது தன் கர்வம் என்று அதில் ஒப்புக்கொள்கிறான். மகன் அடுத்த மிஷன் எங்கே என்று கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை.

நடராஜா, போட்டிக்காகப் பத்துப் பேர் சேர்த்த காசு உன் கையில் இருந்தது. நீ செலவழித்துவிட்டாய் என்று ஒருவன் சொன்னான். அவனோடு எனக்கு ஒரு மாதப் பழக்கம். உன்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து. ஆனாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருடம் பேசாமலே இருந்தேன். காசை நீ முன்பணமாகக் கடையில் கட்டியிருந்தாய் என்று தெரிந்தபோது நீ கப்பல் வேலைக்குப் போய்விட்டாய். பிறகு சேர்ந்துவிட்டோம், அதைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

அப்புறம், தீபாவளிக்கு வருவாய் அல்லவா? மகனுக்கு லர்க்கர் எங்கே புதைப்பது என்று நீ வந்து சொல்லிக்கொடு. என் பேச்சை அவன் நம்ப மாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
முருகேசன்