ஞாயிறு காலை ஆற்றில் நடக்கும் போராட்டம் பற்றி பெற்றோருக்கு

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். கழிவுநீரை ஆற்றில் திறந்துவிடுவதை எதிர்த்து வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு ஊர்மக்கள் சேர்ந்து ஆற்றிலேயே ஒரு போராட்டம் நடத்துகிறார்கள், அதில் நம் பள்ளியும் கலந்துகொள்கிறது. பள்ளிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்விதான், அதனால் நாலு வரிச் சுற்றறிக்கையோடு நிறுத்தாமல் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் ஆசிரியையோடு பாலத்தடிக்குப் போய், கரையில் நின்றபடி பார்த்ததை எழுதி வந்தார்கள். குழாய் ஆற்றில் வந்து விழும் இடத்துக்கு மேற்பக்கம் கற்களில் சாதாரணப் பச்சைப் பாசி. குழாயைத் தாண்டியதும் அதே மாதிரிக் கற்களில் சாம்பல் நிறத்தில் ஈரப் பஞ்சு போல ஏதோ படர்ந்து ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அது கழிவைத் தின்று வளரும் பாக்டீரியாக் கூட்டம். கழிவு மட்கும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீன்கள் மூச்சுத் திணறிச் சாவது இப்படிப்பட்ட இடங்களில்தான். தாழ்ந்த கிளைகளில் குழந்தைகளைத் துடைத்துப் போடும் ஈரத்தாள்கள் தொங்கின. திரும்பி வந்ததும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, இது பெரியவர்களுக்குத் தெரியுமா என்பது.

தெரியும். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். பழைய நகரங்கள் பலவற்றில் வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும். பெருமழையில் குழாய் நிரம்பி, கழிவு வீடுகளுக்குள் ஏறிவிடக் கூடாது என்பதற்காக ஆற்றிலோ கடலிலோ திறந்துவிட ஒரு அவசர வழி வைத்தார்கள். அவசரத்துக்கு வைத்த வழியை அன்றாட வழியாக்கிவிட்டதுதான் பல நாடுகளில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2023-ஆம் ஆண்டு மட்டும் இப்படித் திறந்துவிட்ட நேரம், எல்லா வழிகளையும் சேர்த்துக் கூட்டினால், மொத்தம் 36 லட்சம் மணி நேரத்துக்கும் மேல், அந்நாட்டு அரசின் கணக்கே இது. அங்கே எல்லா வழிகளிலும் அளவுக் கருவி பொருத்தி வெளியிடுவதால் இந்த எண் நமக்குத் தெரிகிறது, கருவியே இல்லாத இடங்களில் எண்ணும் இல்லை, கேள்வியும் இல்லை.

சரி, அதற்கு ஏன் தண்ணீரில் போராட வேண்டும், மனு கொடுத்தால் போதாதா? மனுவும் கொடுக்கிறோம். ஆனால் அந்தத் தண்ணீரில் தினமும் இறங்குகிறவர்கள் அங்கேயே ஒன்றாக நிற்கும்போது, இந்த ஆற்றை யாரும் பயன்படுத்துவதில்லை என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. 1990-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், கழிவு கலந்த கடலில் இறங்கி நோய்வாய்ப்பட்டுச் சலித்த அலைச்சறுக்கு வீரர்கள் தொடங்கிய அமைப்பு, இன்றும் பலகைகளோடு கடலுக்குள் போய் வட்டமாகக் கூடிப் போராடுகிறது. கெட்டுப்போன தண்ணீரைச் சுத்தமாகத் திரும்பப் பெறவும் முடியும். கோபன்ஹேகன் துறைமுகத்தில் 2002 முதல் மக்கள் நீந்துகிறார்கள். பாரிஸில் 1923-இல் குளிக்கத் தடை போட்ட சேன் நதியை 2025 கோடையில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்; அதற்காக மழைநேரத்துக் கழிவைத் தேக்கிவைக்க 50,000 கன மீட்டர் கொள்ளும் ஒரு தொட்டியைப் பூமிக்கடியில் கட்ட வேண்டியிருந்தது. காசும் வேண்டும், காலமும் வேண்டும், விடாமல் கேட்கிற ஆட்களும் வேண்டும்.

ஞாயிறன்று நாம் கேட்கப்போவதும் பெரிய விஷயங்கள் இல்லை. மழை இல்லாத நாளில் ஒரு சொட்டும் திறக்கக் கூடாது, திறந்தால் அந்த நிமிடமே ஊருக்குத் தெரிவிக்க வேண்டும், தேக்கத் தொட்டி எப்போது வரும் என்று தேதி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கட்சிக் கொடியும் வராது. வந்தால் நம் பிள்ளைகளை அந்த நிமிடமே அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இனி உங்களுக்குக் கவலையான விஷயம், பாதுகாப்பு. அழுக்கு என்று நாமே சொல்லும் தண்ணீரில் பிள்ளைகளை இறக்க மாட்டேன், இதில் விதிவிலக்குக் கேட்காதீர்கள். ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்கள் கரையில் பதாகையோடு நிற்பார்கள். மூத்தவர்கள், அதுவும் நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும், உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு படகில் உட்காருவார்கள், படகுக்கு இரண்டு பெரியவர்கள். கையில் காலில் காயமோ சிரங்கோ இருந்தால், கட்டுப் போட்டிருந்தாலும் கரைதான். முந்தைய 48 மணி நேரத்தில் கனமழை பெய்தால் எல்லோருமே கரையில் நிற்போம். தண்ணீர்ப் பரிசோதனை செய்துவிட்டுப் போகலாமே என்று ஒரு அப்பா கேட்டார். செய்கிறோம், ஆனால் மலக்கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். முடிவு கைக்கு வரும்போது அது நேற்றைய தண்ணீரின் முடிவு. அதனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கப்போவதில்லை.

கரையேறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அப்புறம் வயிற்றுப்போக்கு, வாந்தி, காதுவலி, கண் சிவப்பு, காய்ச்சல் எது வந்தாலும் பிள்ளை ஆற்றுப்பக்கம் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் தலைகாட்ட ஒரு மாதம்கூட ஆகலாம், அதற்குள் நமக்கு ஞாயிற்றுக்கிழமையே மறந்து போயிருக்கும்.

பிள்ளை வர விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், பிள்ளை விரும்பி உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன். வருகைப் பதிவு கிடையாது, மதிப்பெண் கிடையாது, மறுநாள் வகுப்பில் யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று எந்த ஆசிரியரும் கேட்க மாட்டார். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, தங்களைத் தொடும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் அமைதியாகக் கூடவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. வர மாட்டேன் என்பதும் கருத்துதான். முடிந்தவரை நீங்களும் கூட வாருங்கள், அம்மா அப்பா படகில் இருந்தால் பிள்ளைக்கு வரும் தைரியமே வேறு.

ஒப்புதல் படிவத்தை வியாழன் மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், கையெழுத்து இல்லாமல் யாரையும் படகில் ஏற்ற மாட்டோம். துடுப்புப் போடத் தெரிந்தவர்கள், முதலுதவிப் பயிற்சி உள்ளவர்கள் பெயர் கொடுத்தால் பெரிய உதவி. மழை பார்த்துவிட்டு, படகா கரையா என்பதைச் சனி இரவு 8 மணிக்கு எல்லோருக்கும் செய்தி அனுப்புகிறேன். சந்தேகம் இருந்தால் பள்ளி விட்டதும் என் அறைக்கு வாருங்கள், இந்த வாரம் முழுக்க 5 மணி வரை இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்