சுமதிக்கு ஒரு பார்சல் வருது

காவேரிப்பட்டணம்
ஆடி வெள்ளி

அன்புள்ள சுமதி,

திட்டறதுன்னா இப்பவே திட்டி முடிச்சுடு. பொங்கலுக்கு நீ அவ்வளவு நீளமா எழுதினதுக்கு ஒரு கட்டை விரல் எமோஜியை மட்டும் அனுப்பிட்டு இத்தனை மாசம் வாயே திறக்காதவ, இன்னைக்குப் பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்கான்னா காரியம் இல்லாம இருக்குமா? இருக்கு. உன் பேருக்கு ஒரு பார்சல் வருது, உங்க லேப்ல டெஸ்ட் பண்ண மண்ணும் இலையும். அதைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதை முழுசாப் படிச்சுடு.

இங்க எல்லாரும் சௌக்கியம். அவருக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்கு, நாக்குதான் இல்ல. பெரியவன் ஓசூர்ல வேலைக்குச் சேர்ந்துட்டான். மேரி ஊருக்கு வந்திருந்தா, இன்னும் அந்தக் கிப்ஸ் அப்பரேட்டஸ் கதையைத்தான் சொல்லிச் சிரிக்கிறா, நம்ம கெமிஸ்ட்ரி ஜம்பு சார் குரல்லயே. நீ கோயம்புத்தூர் போய்ச் சிறுவாணி குடிச்சுக் குடிச்சு எங்களை எல்லாம் மறந்துட்டேன்னு ஒரு தீர்மானமும் போட்டோம். ஒருமனதா நிறைவேறுச்சு.

விஷயம் என் தம்பி பாபு தோட்டம். கிணத்து மேட்டுப் பக்கம் பெங்களூராவும் செந்தூராவும் நிக்குதே, காலேஜ் லீவுல போய்ப் பிஞ்சு மாங்காயாத் தின்னுட்டு ராத்திரி பூரா உருண்டோமே, அதே மரங்கதான். கொஞ்ச காலமா அந்த மேட்டு மரங்க மட்டும் சரியில்ல. துளிர் வந்தா இலை விரிய மாட்டேங்குது, ரெண்டு விரல் அகலத்தோட நின்னுடுது. கணு நெருங்கிப்போய் கிளை நுனியில இலையெல்லாம் கொத்தாக் குத்திக்கிட்டு நிக்குது. நரம்பு பச்சை, நடுவுல வெளுப்பு. பார்த்ததும் ஜிங்க் குறை, துத்தநாகச் சத்து பத்தலன்னு எனக்குத் தோணுச்சு, உனக்கும் தோணும். ஆனா தோணுறதை வச்சு மருந்தும் உரமும் வாங்கினா கடைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். ஏற்கெனவே ‘மைக்ரோ நியூட்ரியன்ட்’னு டப்பா டப்பாவா அவன் தலையில கட்டியிருக்காங்க. மாங்கூழ் பேக்டரிக்காரங்க இந்த வருஷம் கொடுத்த விலையில அந்த டப்பாக் காசு கூடத் திரும்பல.

நான் பிடிச்ச பிடியில மண்ணை டெஸ்ட்டுக்குக் கொடுத்தான். அதுவும் ரெண்டு இடத்துல, யாரோ சொன்னாங்கன்னு. ஒரு ரிப்போர்ட்ல ஜிங்க் 0.5 பிபிஎம், பத்து லட்சத்துல அரைப் பங்கு. இன்னொண்ணுல 4.3. நம்ம தமிழ்நாட்டு மண்ணுக்குப் போட்டிருக்கிற கோடு 1.2, அதுக்குக் கீழன்னா குறை. ஒண்ணு கோட்டுல பாதி கூட இல்ல, இன்னொண்ணு மூணு மடங்குக்கு மேல. இவன் என்ன பண்ணினான் தெரியுமா? ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தான்! 2.4 வந்துச்சாம், கோட்டைத் தாண்டிடுச்சாம், பாஸாம். ஜம்பு சார் இருந்திருந்தா டஸ்டரைத் தூக்கி அடிச்சிருப்பார்.

மண்வள அட்டை இருக்கேக்கான்னு அதையும் கொண்டாந்து நீட்டினான். 2015ல ஆரம்பிச்சாங்களே, பன்னண்டு அளவு போட்டு வரும், அதுதான். இருக்கு, ஜிங்க், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் எல்லாம் வரிசையா இருக்கு. ஆனா மானாவாரி நிலத்துல பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுக்கிறது கணக்கு. பத்து ஹெக்டேர்ல இவன் மேடும் இருக்கும், பக்கத்துக்காரன் பள்ளமும் இருக்கும். ஊருக்குப் பொதுவா ஒரு சித்திரம் பார்க்க அது சரி. இந்த மேட்டு மரத்துக்கு என்ன நோவுன்னு அதைக் கேட்டா என்ன சொல்லும்?

சரின்னு ரெண்டாவது லேபுக்குப் போன் போட்டேன். எந்த முறையில எடுத்தீங்க, செடிக்குக் கிடைக்கிறதை மட்டும் பிரிக்கிற டிடிபிஏ கரைசல்லயா, ஆசிட்ல கரைச்சீங்களான்னு கேட்டேன். “மெஷின்ல போட்டோம் மேடம்”னு பதில் வந்துச்சு. சுமதி, எனக்கு வந்த கோபத்துக்கு... மண்ணை ஆசிட்ல முழுசா வேக வச்சா மொத்த ஜிங்க் 50 பிபிஎம் கூடச் சாதாரணமா வரும். செடி வேர் எட்டிப் பிடிக்கக்கூடியது அதுல ஒண்ணோ அரையோதான். நம்ம செம்மண்ணு சிவந்து கிடக்கிறதே இரும்பாலதான், அதுல நிக்கிற கடலைச் செடி இரும்பு கிடைக்காம மஞ்சளாப் போறதை நாமளே பார்த்திருக்கோம். எந்தக் கரைசல்ல எடுத்த நம்பர்னு சொல்லாம நம்பரை மட்டும் அச்சடிச்சுக் கொடுத்தா அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? 1978ல லின்ட்சேயும் நார்வெல்லும் சொன்ன கணக்கு இன்னைக்கும் அதேதான், பத்து கிராம் மண்ணு, இருபது மில்லி டிடிபிஏ, பிஹெச் 7.3, ரெண்டு மணி நேரம் ஆட்டணும். அரை மணி கூட ஆட்டினாலே நம்பர் நகரும். அதை ஒரு வரி எழுதக் கை வலிக்குதா?

ஆனா முறை மட்டும் காரணம் இல்ல. தோட்டத்துக்குப் போய் “மண்ணு எப்படி எடுத்தே, செஞ்சு காட்டு”ன்னு நிக்க வச்சேன். முதல் தடவை ஆள் எடுத்தது, பிளாஸ்டிக் கூடையில. ரெண்டாவது தடவை இவனே. மோட்டார் ரூம்லேர்ந்து ஒரு வாளி எடுத்துக்கிட்டு வந்தான். ஜிஐ வாளி, ஜிங்க் பூசின இரும்பு. வெளியில இன்னும் பழைய வெள்ளிப் பூ மினுங்குது, உள்ளே அடியில வெள்ளையா மாவு பூத்துப்போய் இருக்கு, நகத்தால கீறினா செதில் செதிலா வருது. மண்ணை அதுலதான் கொட்டிக் கலக்கி, அப்புறம் கொட்டகைத் தகரத்து மேல பரப்பிக் காய வச்சிருக்கான். அந்தத் தகரத்துலயும் ஜிங்க் பூச்சுதானே? அரைக் கிலோ மண்ணுல ரெண்டு மில்லிகிராம் உதிர்ந்தாப் போதும், 4 பிபிஎம் ஏறிடும். எங்கேர்ந்து வந்துச்சு அந்த 4.3ன்னு தேடிக்கிட்டே இருந்தேன், வாளிக்குள்ளேயே உக்காந்திருக்கு!

“ரெண்டு மில்லிகிராமுக்கா இந்தக் கத்து கத்தறே?”ன்னான். ஒரு பிபிஎம்னா என்னன்னு கேட்டேன், முழிச்சான். பத்து டன் லாரியில நூறு லாரி மண்ணு கொண்டாந்து கொட்டி, அதுக்குள்ள ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிச்சுக் கலந்துட்டு, அதைக் கண்டுபிடின்னு சொல்றோம்டான்னேன். அவன் பொண்ணு தர்ஷினி உடனே நோட்டுல கணக்குப் போட்டுப் பார்த்துட்டு “சரிதான்பா”ன்னா. அப்பனுக்கு இல்லாத புத்தி.

இலைக் கதை இன்னும் மோசம். இலையில ஜிங்க் 90க்கு மேலன்னு ஒரு ரிப்போர்ட். மாவிலையில 20க்குக் கீழ போனாத்தான் நாம சந்தேகப்படுவோம், இது நாலு மடங்குக்கு மேல இருக்கு, ஆனா மரம் பட்டினி கிடக்கு. கேட்டா, இலை பறிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் மேன்கோசெப்னு பூஞ்சாண மருந்து அடிச்சிருக்கான். அந்த மருந்துலயே ஜிங்க்கும் மாங்கனீசும் இருக்கேடா! லேப்ல இலையைக் கழுவினாங்களான்னா அதுக்கும் பதில் இல்ல. கழுவாத இலையை அரைச்சா மரத்தை அளக்கிறதா, ஸ்பிரேயரை அளக்கிறதா? மேல படிஞ்ச புழுதியே இரும்பு நம்பரை எங்கயோ கொண்டுபோய் விட்டுடும்.

எனக்கு ஏஏஎஸ்ஸை, கரைசலைத் தீயில விட்டு உலோகத்தை அளக்கிற அந்த மெஷினை, விட்டு வந்த ஏக்கம் இப்பத்தான் வந்துச்சு. அந்தக் கூழ் பேக்டரி லேப்ல வேலை பார்த்தப்போ டின்ல அடைச்ச கூழ்ல வெள்ளீயம் கிலோவுக்கு 250 மில்லிகிராமைத் தாண்டுதான்னு பார்க்கிறதே பொழப்பா இருந்துச்சு, அலுத்துப்போச்சுன்னு அழுதேன். இப்போ பிளஸ் டூ பிள்ளைங்களுக்குக் கரும்பலகையில ஒரு விளக்கு, ஒரு நெருப்பு, ஒரு டிடெக்டர்னு படம் போடுறேன். நிஜத்துல அந்த நீலத் தீயோட நீளக் கோடு, முடி மாதிரி குழாய் வழியா கரைசல் உறிஞ்சுற சத்தம், உப்பு கொஞ்சம் வந்தாலும் தீ குபுக்குனு மஞ்சளாகிறது, அதெல்லாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? ஜிங்க் விளக்கு 213.9 நானோமீட்டர்ல எரியுது, தீயில இருக்கிற ஜிங்க் அணு தனக்கு வேண்டிய அந்த வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்குது, குறைஞ்சது எவ்வளவோ அதுதான் கணக்கு. மெல்போர்ன்ல ஆலன் வால்ஷுக்கு 1952ல ஒரு ஞாயித்துக்கிழமை காய்கறித் தோட்டத்துல வேலை செய்யும்போதுதான் இந்த யோசனை வந்துச்சாம். நம்ம பாபுவும் தோட்டத்துலதான் இருக்கான், அவனுக்கு வர்ற யோசனையைப் பாரு.

லேப்காரங்களை மட்டும் திட்டிட்டு இருக்கேன்னு நினைக்காதே. போவன்னு ஒரு ஆள் 1960கள்ல கேல் கீரையை வளர்த்து, காய வச்சு, ஒரே பொடியா அரைச்சு, பல லேப்களுக்கு அனுப்பினாரே, ஞாபகம் இருக்கா? ஒரே பொடி, ஆளுக்கு ஒரு நம்பர். பெரிய பெரிய லேப்ல இருந்தவங்களே அப்படி. அதுக்கப்புறம்தான் அளவு தெரிஞ்ச பொடியைக் கூடவே ஓட்டிப் பார்க்கிற பழக்கம் பரவுச்சு. நான் கேட்கிறதும் அதைத்தான். எங்களோடதை ஓட்டும்போது உங்க லேப்ல இருக்கிற ஆப்பிள் இலைப் பொடியையோ பீச் இலைப் பொடியையோ நடுவுல ஒண்ணு ஓட்டு. அது சரியா வந்தாத்தான் எங்க நம்பரை நம்புவேன். உன்னை நம்பலன்னு இல்லடி. (கொஞ்சம் அதுவும்தான். பியூரெட் ரீடிங்கை நீ ரவுண்டு பண்ணினதை நான் மறக்கல.)

இன்னொண்ணு இருக்கு, அதுக்குத்தான் முக்கியமா எழுதினேன். பார்சல்ல ஒரு பாட்டில் தண்ணி இருக்கும், ஃபுளோரைடு பார்க்க. மேட்டு போர் தண்ணி. மரத்துக்கு மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேன். அன்னைக்குப் போனப்போ களை எடுக்க வந்த பொம்பளைங்க அதைத்தான் குடத்துல பிடிச்சு வச்சுக் குடிச்சிட்டிருந்தாங்க, கூட அவங்க பிள்ளைங்களும். ஒகேனக்கல் தண்ணி 2013லேர்ந்து ஊருக்குள்ள வருது, தோட்டத்துக்கு வருதா? தர்ஷினிக்குப் பத்து வயசு, பல்லு பளிச்சுனு இருக்கு. காலேஜ் குரூப் போட்டோல நாம ரெண்டு பேரும் பல்லுக் கறை தெரியாம வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சதை அவ பார்த்துட்டு “ஏன் அத்தை உர்ருனு இருக்கே?”ன்னா. என்ன சொல்ல? பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போது குடிச்ச தண்ணி எழுதினது, அப்புறம் எதைத் தேய்ச்சாலும் போகாதுன்னு சொன்னேன். அவ பல்பொடி வாங்கித் தரவான்னா. உங்கம்மா கடைசியில திண்ணையை விட்டு எழுந்திரிக்க முடியாம, முட்டி மடங்காம இருந்தாங்களே, வயசாகிடுச்சுன்னு சொல்லிச் சொல்லியே விட்டுட்டாங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃபுளோரைடு வேண்டாம்னு சொல்றாங்க, உங்க வீட்டுக் கிணத்தை யாராவது ஒரு தடவை அளந்து பார்த்தாங்களா? அதை அளக்க எலெக்ட்ரோடு 1966லயே வந்தாச்சு, ஏஏஎஸ் கூட வேண்டாம்.

அதனால பாபு மரத்துக்கு முன்னாடி அந்தத் தண்ணியைப் பாரு. பிளாஸ்டிக் பாட்டில்லதான் பிடிச்சிருக்கேன், கண்ணாடியில இல்ல. நம்பர் ஜாஸ்தின்னா அந்தக் குடத்தை நானே போய் எடுத்துட்டு ஊருக்குள்ளேர்ந்து கேன் தண்ணி போட வைப்பேன், பாபு கிட்ட அனுமதி எல்லாம் கேட்கிறதா இல்ல.

மண்ணு மூணு கவர். மரத்து வட்டத்துக்குள்ள ஒரு அடி, ரெண்டு அடி, மூணு அடி ஆழத்துல எடுத்தது. மண்வெட்டி பட்ட பக்கத்தை மூங்கில் தப்பையால சுரண்டித் தள்ளிட்டுத்தான் உள் மண்ணை எடுத்தேன். நிழல்ல காகிதத்துல காய வச்சு, மரக்கட்டையால தட்டினது. நீ சலிக்கும்போது அந்தப் பித்தளைச் சல்லடையைத் தொடாதே, தாமிரமும் ஜிங்க்கும் சேர்ந்து வந்துடும். போரானும் பார்க்கிறதா இருந்தா போரோசிலிகேட் பீக்கர் வேண்டாம், சொல்ல வேண்டியதில்ல, சொல்லிட்டேன். இலை ரெண்டு கவர், ஒரே மரம். ஒண்ணை அப்படியே வச்சிருக்கேன். இன்னொண்ணு சோப்புத் தண்ணி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக், வாலைவடிநீர்னு வரிசையா அலசினது. ரெண்டையும் ஓட்டு, வித்தியாசத்தைப் பாபு கண்ணால பார்க்கட்டும். மேன்கோசெப் முழுசாப் போயிருக்காதுன்னு தெரியும், அதனால மருந்து படாத புதுத் துளிர் முத்தினதும் மறுபடி அனுப்புறேன்.

எதுலயாவது ‘இல்லை’ன்னு வந்தா அப்படியே எழுதாதே, உன் மெஷின் எவ்வளவு வரைக்கும் பார்க்கும்னு அந்த வரம்பையும் எழுது.

காசு எவ்வளவுன்னு சொல்லு, பாபு தருவான். தரலன்னா அடுத்த வருஷம் செந்தூரா கூடையில கழிச்சுக்கலாம். தொக்கு பாட்டில் தனியாக் கட்டியிருக்கேன், அது உனக்கு. பஸ்ல போட்டதும் கண்டக்டர் நம்பரை அனுப்புறேன், காந்திபுரத்துல நீயே போய் வாங்கிக்க, ஆபீஸ் பையனை அனுப்பினா வெயில்ல வச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவான். தண்ணி நம்பர் வந்த அன்னைக்கே போன் பண்ணு. ஸ்கூல் நாலரைக்கு விடும்.

வசந்தா