சத்தம் போட்டால் தூக்கிப் போடுவதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரக் கணினிப் பக்கத்தில் வந்த ஒரு பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனது ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் தையல் வகுப்பு நடத்தும் ஒரு சகோதரி, தன் கம்ப்யூட்டர் மிக்ஸி மாதிரி இரைகிறது, பெட்டியைத் தொட்டால் சுடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். உங்கள் பதில் மூன்றே வரி. ஐந்து வருடம் தாண்டிய கம்ப்யூட்டர் சத்தம் போடத்தான் செய்யும், புதிது வாங்குவதே நல்லது. அதுவரை பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேன் காற்றுப் படும்படி வையுங்கள். கழற்ற வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் உதவி கேளுங்கள்.

அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் வருகிறேன்.

நான் திருப்பூரில் எம்பிராய்டரி பஞ்சிங் செய்கிறேன். ஊசி துணியில் எங்கே எப்படி ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினுக்குக் கொடுக்கிற வேலை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுவர் பனியன் கம்பெனி. கட்டிங்கிலிருந்தும் பவர் டேபிளிலிருந்தும் வரும் பஞ்சு ஜன்னல் கம்பியில் தாடி மாதிரி தொங்கும். எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் எத்தனையோ கட்டுரை போட்டிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் மூடியைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தால் ஒரே மாதத்தில் உள்ளே மெத்தை தைத்துவிடலாம். எங்கள் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்படித்தான் திறந்து வைத்திருந்தார்கள். பல்லி உள்ளே போய் மதர்போர்டே போயிற்று.

மூடி கழன்றிருந்தால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் சூடு கொஞ்சம் குறையலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்பக்க ஃபேன் இழுக்கும்போது முன்பக்க ஓட்டைகள் வழியாக வந்து ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டுவிட்டுப் போகிற காற்று அறுந்துவிடும். முன்னால் இருக்கிற டிஸ்க் சூட்டிலேயே கிடக்கும். தையல் வகுப்பின் கணக்கும் பிள்ளைகளின் போட்டோவும் அதில்தானே இருக்கும்?

என் கம்ப்யூட்டர் 2014-இல் வாங்கியது. உள்ளே இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர். இதே மிக்ஸிச் சத்தம் என் வீட்டிலும் இருந்தது, 2017-இல். என் மகள் பிளஸ் டூ படித்த வருடம் அது. எங்களுக்கு ஒரே அறை. இந்தப் பக்கம் நான் ஆர்டர் முடிக்க வேண்டும், அந்தப் பக்கம் அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி படிப்பாள். பல ராத்திரி அவளுக்காக நான் கம்ப்யூட்டரை அணைத்திருக்கிறேன். காலையில் சாம்பிள் தாமதமாகி இரண்டு பார்ட்டிகள் கையை விட்டுப் போனார்கள்.

ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, "மதர்போர்டு வீக்கா இருக்குக்கா, புதுசா எடுத்துருங்க" என்று அனுப்பினார்கள். சத்தம் முன்பைவிட அதிகமாகியிருந்தது. ஒரு மாதம் கழித்து நானே திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகடுக் கட்டைக்கு ஹீட் சிங்க் என்று பெயர். அதற்கு நான்கு பிளாஸ்டிக் பின் உண்டு. அதில் ஒன்றைச் சரியாக அழுத்தாமலே விட்டிருந்தார்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் சூடு எப்படி மேலே ஏறும்?

ஹீட் சிங்க்கின் மேல் இருந்த ஃபேன் வெளிப் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஃபேனைக் கழற்றினால் அதற்கு அடியில், அலுமினியத் தகடுகளின் மேல், பஞ்சு கம்பளம் மாதிரி படிந்திருந்தது. மேலிருந்து ப்ளோயர் அடித்தால் அது இன்னும் இறுகும். ஃபேனைத் தனியே எடுத்துவிட்டு, அந்தக் கம்பளத்தைக் கையால் உரித்து, மீதியைப் பிரஷ்ஷால் தட்டினேன். ஹீட் சிங்க்குக்குக் கீழே, பிராசஸரின் சூட்டை அதற்குக் கடத்தப் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. செல்போன் ரிப்பேர்க் கடைகளில் ஐ.பி.ஏ என்று துடைக்கிற ஆல்கஹால் திரவம் ஒன்று வைத்திருப்பார்கள், அதில் துணியை நனைத்துத் துடைத்தேன். புதுப் பேஸ்ட் துவரம்பருப்பு அளவு வைத்து, நான்கு பின்னையும் மூலைக்கு மூலை 'கடக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். பெரிய டிசைனைத் திறந்தால் பிராசஸர் சூடு முன்பெல்லாம் 90 டிகிரியைத் தொடும், இப்போது 62-இல் நின்றது. பல இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கினால் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். ஃபேன் கத்துவது அதைத் தடுக்கத்தான். சூடு வெளியே போக வழி கிடைத்ததும் அது தானாக அடங்கிவிட்டது. என் பிராசஸர் வெளியே தள்ள வேண்டிய சூடு அதிகபட்சம் 54 வாட், ஒரு குண்டு பல்பு அளவுக்குக்கூட இல்லை. அதற்கு அவ்வளவு இரைச்சல் எதற்கு?

அதோடு நான் விடவில்லை. கேபினெட் பெட்டியில் இருந்தது 80 மில்லிமீட்டர் ஃபேன். முன்பக்கம் கீழே 120 மில்லிமீட்டருக்கான இடம் காலியாகவே கிடந்தது. சென்னையில் இருக்கும் என் தங்கை ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி அனுப்பினாள். 120-இன் பரப்பு 80-ஐப் போல இரண்டேகால் மடங்கு, அதனால் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்றைத் தள்ளிவிடும். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். காதுக்கு அது பெரிய வித்தியாசம். பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற அமைப்புப் பக்கத்தில், போய்ப் பார்த்தால் கேபினெட் ஃபேன் எப்போதும் முழு வேகம் என்று வைத்திருந்தார்கள். சூட்டுக்கு ஏற்ற வேகம் என்று மாற்றினேன். முன்பக்க ஓட்டைக்குக் கொசுவலைத் துணியைக் கட்டி வாரம் ஒருமுறை அலசுகிறேன். ஹார்ட் டிஸ்க்கின் அதிர்வு தகரத்தில் 'ம்ம்ம்' என்று இறங்கியது, சைக்கிள் டியூப்பை வாஷராக வெட்டி ஸ்க்ரூவுக்கு இடையில் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில்தான் இன்றைக்கும் வேலை செய்கிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் அறையே 37, 38 டிகிரி இருக்கும். எந்த ஃபேனாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. புதுக் கம்ப்யூட்டருக்கும் இதே அறை, இதே பஞ்சுதானே, ஐயா? அந்தச் சகோதரி 30,000 ரூபாய் கடன் வாங்கிப் புதிது வாங்கினால், சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ளாதவரை இரண்டு வருடத்தில் அதுவும் மிக்ஸிதான்.

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்க மாட்டேன். சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில், வீட்டு வேக்குவம் கிளீனரை கேபினெட்டுக்குள் விட்டுத் தூசியை உறிஞ்சச் சொன்னீர்கள். அதன் பிளாஸ்டிக் குழாயில் உண்டாகும் நிலைமின்சாரம் போர்டில் பாய்ந்தால் போர்டு போய்விடக்கூடும் என்று அப்போதே எழுதினேன். என் கடிதம் அச்சில் வரவில்லை. திருத்தமும் வரவில்லை. முழுப் பக்கமாக இருந்த பகுதி அரைப் பக்கமானது, அப்புறம் அதிலும் பாதிக்குப் புது மாடல்களின் விலைப் பட்டியல் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் சிரமங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இருக்கிற பொருளை இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற பத்திரிகை என்றுதான் என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இதை வாங்குகிறோம். ரேடியோவுக்கு வால்வு மாற்றுவதை அவர் உங்கள் பக்கங்களைப் படித்துத்தான் கற்றுக்கொண்டார்.

இப்போது அந்தக் கடைசி வரி. கேள்வி கேட்டவர் தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் விட்டு மாட்டுகிறவர், ஐயா. பாபின் கேஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். அவருக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூவைக் கழற்ற ஆண் துணை வேண்டும் என்று எழுத எப்படி மனது வந்தது? என் ஹீட் சிங்க்கைக் கோணலாக மாட்டி அனுப்பியவர் ஆண்தான். நேராக மாட்டியது நான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஐந்தாறு வரி போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒருமுறை தொடச் சொல்லுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அது தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் போகும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் பிரிக்கவே கூடாது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும். பேஸ்ட் மாற்றத் தயக்கமாக இருந்தால் தூசியை மட்டுமாவது எடுக்கச் சொல்லுங்கள், பாதிச் சத்தம் அதிலேயே போய்விடும்.

அந்தச் சகோதரி தன் கம்ப்யூட்டரைப் பழைய சாமான் கடைக்குப் போடுவதற்குள் இது அச்சில் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
திருப்பூர்.