கையெழுத்து வாங்கும் முன் அந்த மதிப்பெண்ணைச் சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய உடல் பருமன் அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம். இந்த அறுவை சிகிச்சையே கூடாது என்று சொல்ல நான் எழுதவில்லை. என் அண்ணன் அதைச் செய்துகொண்டு 14 மாதங்கள் ஆகின்றன. 31 கிலோ குறைந்திருக்கிறார், மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார். அதற்கு நன்றி.

ஆனால் "ஆபரேஷன் பண்ணினால் சர்க்கரை போய்விடும்" என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். அட்மிட் ஆவதற்கு முந்தின நாள், பிரிட்ஜ் கதவில் இன்சுலின் பேனா வைக்கும் தட்டைக் கழுவித் துடைத்துக் காலியாக வைத்துவிட்டுப் போனார். 16 வருடமாக அந்தத் தட்டில் வேறெதுவும் இருந்ததில்லை. நான்கே மாதத்தில் பேனா திரும்பி வந்துவிட்டது. இப்போது அதை ஒரு டப்பாவுக்குள் மூடி வைக்கிறார். "நான்தான் வாயைக் கட்டவில்லை போலிருக்கிறது" என்கிறார். கட்டினார், ஐயா. கூடவே இருந்து பார்த்தவள் நான்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருவருக்குச் சர்க்கரை விலகுமா என்று முன்கூட்டியே கணிக்கும் டயாரெம் மதிப்பெண் 2014-லேயே வந்துவிட்டது. வயது, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), இன்சுலின் போடுகிறாரா, வேறு என்ன சர்க்கரை மாத்திரை என்ற நான்கே கேள்விகள், மொத்தம் 22 மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற வாய்ப்பு குறையும். அண்ணனுக்கு வயது 56, அதற்கு 2. ஹெச்பிஏ1சி 9.4, அதற்கு 6. இன்சுலினுக்கு மட்டும் 10. ஆக 18. அந்த மதிப்பெண்ணை உருவாக்கிய ஆய்வில் 18-ம் அதற்கு மேலும் வந்தவர்களில் நூற்றுக்கு 2 முதல் 16 பேருக்குத்தான் சர்க்கரை முழுதாகவோ ஓரளவோ விலகியது. இத்தனை விவரமும் அவருடைய கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறன் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சி-பெப்டைட் பரிசோதனையையும் யாரும் எழுதித் தரவில்லை.

60 யூனிட் போட்டவர் இன்று 22 யூனிட்தான் போடுகிறார். எவ்வளவு பெரிய லாபம்! "போய்விடும்" என்று சொல்லிவிட்டதால் அது அவருக்குத் தோல்வியாகத் தெரிகிறது.

சரி, விலகியவர்களுக்காவது முழு உண்மை சொல்லப்படுகிறதா? ஸ்வீடனில் நடந்த நீண்டகால ஆய்வில் 2 ஆண்டில் நூற்றுக்கு 72 பேருக்குச் சர்க்கரை விலகியிருந்தது. 15 ஆண்டில் அது 30 ஆகிவிட்டது. விளம்பரப் பலகைகளில் முதல் எண்ணின் சாயல்தான் இருக்கிறது. நோயாளி பயந்து ஓடிவிடுவார் என்று நினைக்கிறீர்களா? 18 என்று தெரிந்திருந்தாலும் என் அண்ணன் ஒத்துக்கொண்டிருப்பார். மூட்டு வலிக்காகவே ஒத்துக்கொண்டிருப்பார்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், அவரவர் மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, அதே தாளில் எழுதி, அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுடைய மொழியில் சொல்லுங்கள். மதிப்பெண் ஒருவரின் தலையெழுத்து அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதை வைத்து யாருக்கும் சிகிச்சையை மறுத்துவிடவும் வேண்டாம். அடுத்த வாரம் உங்கள் முன்னால் பேனாவோடு உட்காரப் போகிறவரிடமிருந்தே தயவுசெய்து இதைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை